ஜெர்மன் நாடகத்தை மொழிபெயர்த்து வேறு நாட்டில் மேடையேற்றினால் பார்வையாளர்களுக்குப் புரியுமா?

புரியும். இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியவர் உங்கள் குழுவிலேயே ஒருவராகத்தான் இருப்பார். 'ஊர், பேர் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், தொடக்கத்தில் ஒருவர் வந்து கதைச் சுருக்கம் சொல்லட்டும்' என்று யோசனையும் கொடுத்திருப்பார். எங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருந்தார்.

நான் மொழிபெயர்த்தது ஜெர்மன் நாடகாசிரியர் கேயோர்க் பியூக்னரின் 'வோய்ட்செக்'. 1837இல் அவர் இறந்தபோது முடிக்கப்படாமல் கிடந்த நாடகம். 1913இல்தான் மியூனிக்கில் முதன்முதலாக மேடையேறியது. காட்சிகளின் வரிசையைக்கூட அவர் முடிவுசெய்துவிட்டுப் போகவில்லை. ஜெர்மனியிலேயே ஆளுக்கொரு விதமாக அடுக்குகிறார்கள். எனவே 'மூலத்தைச் சிதைத்துவிட்டாய்' என்று சண்டைக்கு வருகிறவர்கள், எந்த மூலம் என்று முதலில் சொல்லட்டும்.

நாங்கள் சவரக் காட்சியில் தொடங்கினோம். கேப்டனின் தொண்டையருகே சவரக்கத்தி. அவரோ ஒழுக்கத்தைப் பற்றி உபதேசம் செய்துகொண்டே இருக்கிறார். சிப்பாய் வோய்ட்செக் 'ஆமாம் ஐயா' என்பதற்கு மேல் பேசுவதில்லை. ஒவ்வொரு 'ஆமாம் ஐயா'வுக்கும் அரங்கில் சிரிப்பு. பிறகு அவன் வாய் திறக்கிறான்: எங்களைப் போன்ற ஏழைகள் சொர்க்கத்துக்குப் போனாலும், அங்கே இடி இடிக்க ஒத்தாசை செய்ய வேண்டியிருக்கும் என்கிறான். சிரிப்பு சட்டென்று அடங்கியது. இதற்கு எதற்குக் கதைச் சுருக்கம்? டாக்டர் காசு கொடுத்து அவனைப் பட்டாணி மட்டுமே தின்னவைத்து ஆராய்ச்சி செய்வதற்கும் யாரும் விளக்கம் கேட்கவில்லை. எல்லா நாடகமும் இப்படி வழிவிடும் என்று நான் சொல்லவில்லை. அன்றைய அரசியல்வாதிகளைக் கேலி செய்யும் நாடகம் என்றால் திண்டாட்டம்தான்.

இன்னொரு ஜெர்மன் நாடகாசிரியரான பெர்டோல்ட் பிரெக்டின் நாடகம் என்றால் பதிப்புரிமையையும் கவனியுங்கள். அவர் 1956இல் இறந்தவர். ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் என்ற சட்டமுள்ள நாடுகளில் 2026 முடியும்வரை அனுமதி வாங்கியாக வேண்டும். இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டவும் முடியாது. 2015இல் மியூனிக்கில் இயக்குநர் ஃபிராங்க் காஸ்டார்ஃப், பிரெக்டின் 'பால்' (Baal) நாடகத்தில் பிறர் எழுத்துகளைச் சேர்த்ததற்கு, வாரிசுகள் தரப்பு நீதிமன்றம்வரை போனது.

மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. பியூக்னருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவரை அண்மையில் மொழிபெயர்த்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கத்தான் வேண்டும். அவர் பெயரைச் சுவரொட்டியிலும் போடுங்கள். எங்கள் சுவரொட்டியில் விளக்கு வாடகைக்குத் தந்தவரின் பெயர்கூட இருந்தது, என் பெயர் இல்லை. கேட்டதற்கு இடம் போதவில்லை என்றார்கள். பியூக்னரின் பெயருக்கு அடியில் இரண்டு விரற்கடை வெற்றிடம் இருப்பதைத் தொட்டே காட்டினேன். தலையாட்டினார்கள். மறுமுறை அச்சடித்தபோது அந்த இடத்தில் வாகனங்களை எங்கே நிறுத்துவது என்ற அறிவிப்பு வந்தது.