சாவி யார் கையில்?

கேள்வி: உயர் பாதுகாப்புச் சிறையில் இருப்பவர்கள் பயங்கரவாதிகள், கூலிப்படையினர், கஞ்சா வியாபாரிகள். அங்கே சாப்பாடும் வைத்தியமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெளியாட்களை அனுப்ப வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். பாதுகாப்பு என்னாவது? வெளியே யோக்கியமாக வாழ்கிறவனுக்கே அரசு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பதில்லை. உள்ளே இருப்பவனுக்கு இந்த உபசாரம் எதற்கு?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்)

பதில்: கட்டில் கிடைக்காத யோக்கியர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கடனை உடனை வாங்கி வைத்தியம் பார்க்கலாம். டீனிடம் சண்டை போடலாம். உங்களைப் போலப் பத்திரிகைக்கு எழுதவும் செய்யலாம். பூட்டி வைக்கப்பட்டவனுக்கு இதில் எதுவும் கிடையாது. ராத்திரி நெஞ்சு வலித்தால் கம்பியைத் தட்ட வேண்டும். தட்டுவது வார்டர் காதில் விழ வேண்டும். விழுந்தாலும் அவர் மனசு வைக்க வேண்டும்.

அடுத்து, உள்ளே இருப்பவனெல்லாம் குற்றவாளி என்ற உங்கள் கணக்கு. 2022-ல் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5.73 லட்சம் பேர். அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்குத் தீர்ப்பே ஆகவில்லை.

அப்படி ஒருவர் ஸ்டேன் சுவாமி. நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார். 2020 அக்டோபரில் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்து நவி மும்பையின் தலோஜா சிறையில் அடைத்தபோது வயது 83. பார்க்கின்சன் நோய். டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கித் தண்ணீர் சட்டையில் கொட்டும். உறிஞ்சு குழலும் மூடி போட்ட குவளையும் வேண்டும் என்று நவம்பர் 6-ம் தேதி நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. 20 நாள் கழித்து, அந்தப் பொருட்கள் தங்களிடம் இல்லை என்றது. பிறகு சிறை நிர்வாகம் பதில் சொல்லட்டும் என்று இன்னொரு வாய்தா. பெட்டிக்கடையில் கிடைக்கிற குழல், சார். “எட்டு மாதத்துக்கு முன் உள்ளே வந்தபோது நானே குளித்தேன், நடந்தேன், சாப்பிட்டேன். இப்போது முடியவில்லை” என்று 2021 மே மாதம் வீடியோ வழியாக மும்பை உயர் நீதிமன்றத்திடம் அவரே சொன்னார். ஜூலை 5-ம் தேதி இறந்துபோனார். விசாரணை தொடங்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் வெளியாள் வேண்டும் என்கிறேன். அந்த வரிசைக் கொட்டடிகளின் வழியே வாரம் ஒருமுறை நடக்கிற ஒரு ரிட்டயர்டு வாத்தியாரோ நர்ஸோ இருந்திருந்தால், “இந்தப் பெரியவருக்கு ஏன் ஒரு குழல் கொடுக்கவில்லை?” என்று அங்கேயே கேட்டிருப்பார். காரியம் சாயங்காலத்துக்குள் முடிந்திருக்கும்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 1894-ம் ஆண்டுச் சிறைச் சட்டமே பார்வையாளர்களை நியமிக்க வழி வைத்திருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையில் குழு, அதில் அரசுப் பதவியில் இல்லாத அலுவல் சாரா உறுப்பினர்கள் என்றெல்லாம் 2016 மாதிரிச் சிறைக் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரிய விவகாரங்கள் வெளியே வந்த வழியைப் பாருங்கள். திகார் சிறையில் தலைமை வார்டர் ஒரு கைதியைச் சித்திரவதை செய்தது, அதே சிறையிலிருந்த சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தால் தெரிந்தது. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு. 2024-ல் வேலூர் மத்திய சிறை விவகாரம்: அதிகாரி வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட ஆயுள் கைதி ஒருவர், திருடினார் என்று குற்றம் சாட்டப்பட்டு, அடித்துத் தனிக்கொட்டடியில் போடப்பட்டதாகப் புகார். அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் அவருடைய அம்மா. ஆட்கொணர்வு மனு, மாஜிஸ்திரேட் விசாரணை, சி.பி.சி.ஐ.டி. வழக்கு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான். ஒரு கடிதம், ஓர் அம்மா. பார்வையாளர் குழு எங்கே போயிருந்தது?

எனக்குக் கொஞ்சம் தெரியும். பல வருஷத்துக்கு முன் ஒரு மாவட்டச் சிறைக்கு அப்படியொரு குழுவோடு போயிருக்கிறேன். நாங்கள் வருவது பத்து நாள் முன்பே தெரியும். வாசலில் சுண்ணாம்பு வாசனை, உள்ளே பினாயில் வாசனை. முற்றத்தில் கைதிகளை வரிசையாகக் குந்த வைத்திருந்தார்கள். கண்காணிப்பாளர் பக்கத்திலேயே நிற்க, குழுத் தலைவர் உரக்கக் கேட்டார்: “யாருக்காவது ஏதாவது குறை இருக்கா?” பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல ஒரே குரலில், “இல்லீங்கய்யா.” நோட்டில் கையெழுத்துப் போட்டோம், டீ குடித்தோம். வெளியே வரும்போது சாப்பாட்டு வாளி தூக்கிப் போன ஒரு வயசாளி, நடையை நிறுத்தாமலே என்னிடம் சொன்னார்: “இன்னிக்கு சாம்பார்ல முருங்கைக்கா கிடந்துச்சுங்கய்யா. மறுபடி எப்ப வருவீக?”

அந்த நோட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது.

சரி, பாதுகாப்பு. 1986-ல் திகாரிலிருந்து, பல கொலை வழக்குகளில் சிக்கிய சார்லஸ் சோப்ராஜ் தப்பியது எப்படி? பிறந்த நாள் என்று சொல்லி மயக்க மருந்து கலந்த இனிப்பைக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டு. அவர்களோடு அவ்வளவு ஒட்டும் உறவுமாக உள்ளே வாழ்ந்திருக்கிறார். இங்கிலாந்தில் 1994 செப்டம்பரில், தப்பவே முடியாது என்று கட்டிய வைட்மூர் சிறையின் தனிப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஆறு பேர் வெளியேறினார்கள். ஐந்து பேர் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழுவின் ஆட்கள். கையில் துப்பாக்கி வேறு. விசாரித்தபோது தெரிந்தது, சிறை அதிகாரிகளே இந்தக் கைதிகளுக்குக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்திருக்கிறார்கள்! நான்கு மாதம் கழித்து பார்க்ஹர்ஸ்ட் சிறையில் மூன்று பேர், தாங்களே சாவி செய்து கதவைத் திறந்து போனார்கள். வாசலில் சோதனை போட்டு உள்ளே விடும் வெளியாளைக் கண்டு பயப்படுகிறோம். ஓட்டை இருந்தது வேறு பக்கம்.

அதே இங்கிலாந்தில் பெல்மார்ஷ் என்ற சிறை, லண்டனின் தென்கிழக்கே. சிறைக்குள் சிறையாகத் தனி உயர் பாதுகாப்புப் பிரிவு உண்டு. விக்கிலீக்ஸ் ஜூலியன் அசாஞ்ச் 2019 ஏப்ரலிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் அடைபட்டிருந்தது இந்தச் சிறையில்தான். நீங்கள் சொல்கிற வகைக் கைதிகளும் அங்கே உண்டு. அங்கும் சுதந்திரக் கண்காணிப்புக் குழு போகிறது. உறுப்பினர்கள் அக்கம்பக்கத்து ஆட்கள், சம்பளம் கிடையாது. முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டியதில்லை. சாவியை வாங்கிக்கொண்டு எந்தப் பிளாக்குக்கும் போகலாம். காவலர் காதில் விழாமல் கைதியோடு பேசலாம். ஒருவரைத் தனிக்கொட்டடிக்கு மாற்றினால் 24 மணி நேரத்துக்குள் குழுவுக்குச் சொல்லியாக வேண்டும். கைதிகள் மனுப் போடத் தனிப் பெட்டி, அதைத் திறப்பது குழு மட்டும். வருஷா வருஷம் அறிக்கை அச்சாகி ஊருக்கே தெரிகிறது. (நம்மூரிலும் புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னார்கள். அந்த சுனில் பத்ரா வழக்கில், 1979 டிசம்பரில், மூன்று மாதக் கெடுவோடு.)

அந்த ஏற்பாட்டை நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. உறுப்பினர்களை நியமிப்பதே அமைச்சர்தான். எழுத முடியுமே தவிர உத்தரவு போட முடியாது. போன வருஷம் எழுதியதையே இந்த வருஷமும் எழுதும் கூத்து அங்கேயும் உண்டு. ஆனால் குழு போக, தனியாகச் சிறைகளின் தலைமை ஆய்வாளர் என்று ஒருவர் இருக்கிறார். 1995-ல் அந்தப் பதவிக்கு வந்த டேவிட் ராம்ஸ்பாதம், ராணுவத்தில் ஜெனரலாக இருந்தவர். கைதி மேல் உருகுகிற ஆள் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அந்த டிசம்பரில் லண்டனின் ஹாலோவே பெண்கள் சிறைக்குப் போனவர், அழுக்கையும் எலியையும் பெண்களை நடத்திய விதத்தையும் பார்த்துவிட்டு, ஆய்வைப் பாதியில் நிறுத்தித் தன் ஆட்களோடு வெளியேறினார். செய்தி வெளியானதும் நாடு முழுக்க அதுதான் பேச்சு. பத்து நாள் முன்பே சொல்லிவிட்டுப் போயிருந்தால் எலி கண்ணில் பட்டிருக்குமா?

உபசாரம் என்றீர்களே, உங்களுக்கு நிஜமாகவே கோபம் வரவேண்டிய உபசாரம் வேறு. 2017-ல் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் சசிகலாவுக்குத் தனிச் சமையலறை வரை சலுகைகள் நடப்பதாக அறிக்கை கொடுத்தவர் சிறைத் துறை டி.ஐ.ஜி. ரூபா. சில நாட்களிலேயே அவரை வேறு துறைக்குத் தூக்கியடித்தார்கள். துறைக்குள் இருந்து பார்ப்பவரின் கதி அதுதான். வெளியாளை மாற்றல் செய்ய முடியாது. அடிபட்ட முதுகைப் பார்க்கிற கண்தான் தனிச் சமையலறையையும் பார்க்கும்.

இலங்கைகூடச் சிறைகளைச் சுதந்திரமாகப் பார்வையிட வழிசெய்யும் ஐ.நா. உடன்படிக்கையில் 2017-ல் சேர்ந்துவிட்டது. சேர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2020-ல் மகர சிறைக் கலவரத்தில் 11 கைதிகள் செத்தார்கள். நாம் அதற்கு மூலமான, சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் உறுதி செய்யவில்லை.

உங்கள் ஊரிலேயே ஒரு மாவட்டச் சிறை இருக்கிறது. அதன் அலுவல் சாரா பார்வையாளர்கள் யார், கடைசியாக எந்தத் தேதியில் உள்ளே போனார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு போதும். பதில் வந்தால் அனுப்புங்கள், அப்படியே அச்சிடுகிறோம். ஆனால் மனுவில் உங்கள் பெயரைப் போட்டாக வேண்டும்.