ஜான் எலியட் கொல்லப்பட்டாரா?

வணக்கம் ஐயா. சர் ஜான் எலியட்டின் உடல் லண்டன் கோபுரச் சிறையின் தேவாலயத்தில் புதைக்கப்பட்டிருப்பதால், அவர் தலை வெட்டப்பட்டார் என்று கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவ்வாறு எழுத வேண்டாம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள செயின்ட் ஜெர்மன்ஸ் ஊரின் நிலக்கிழாரும் நாடாளுமன்ற உறுப்பினருமான எலியட், 1632 நவம்பர் 27 அன்று அச்சிறையிலேயே காசநோயால் இறந்தார்.

1629 மார்ச் 2 அன்று, நாடாளுமன்றத்தின் மக்களவையை ஒத்திவைக்க எழுந்த அவைத்தலைவரை ஹோல்ஸ், வாலன்டைன் என்ற இரு உறுப்பினர்கள் இருக்கையிலேயே அழுத்திப் பிடித்திருக்க, நாடாளுமன்ற ஒப்புதலற்ற சுங்க வரியையும் சமய மாற்றங்களையும் கண்டிக்கும் தீர்மானங்கள் நிறைவேறின. அவற்றை முன்னின்று கொண்டுவந்தவர் எலியட். அவையில் நடந்ததை விசாரிக்க வேறு நீதிமன்றத்துக்கு உரிமையில்லை என்று அவர் பதிலளிக்க மறுத்ததால், 2,000 பவுண்டு அபராதமும் சிறையும் விதிக்கப்பட்டன. சொத்தை முன்பே அறங்காவலர்களிடம் ஒப்படைத்திருந்ததால் அபராதத்தை வசூலிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் வெளியே வந்திருக்கலாம், அவர் கேட்கவில்லை. என் மதிப்பில், உங்கள் கட்டுரையின் மையம் இந்த மறுப்பாகவே இருக்க வேண்டும்.

உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்ல மகன் விண்ணப்பித்தபோது, இறந்த இடத்திலேயே புதைக்குமாறு மன்னர் முதலாம் சார்லஸ் உத்தரவிட்டார். உங்களைக் குழப்பிய கல்லறைக்குக் காரணம் அதுவே. 1668-இல் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவை, எலியட்டுக்கு அபராதமும் சிறையும் விதித்த தீர்ப்பை ரத்து செய்ததையும் சேர்த்து எழுதுங்கள்.