கைக்குழந்தையுடன் விமானப் பயணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் துபாயிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகள் கூடிவிட்டன. பேரக்குழந்தையோடு முதல் தடவை விமானம் ஏறுகிறவர்கள் கேட்டவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் பல வருடம் விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். கேபினுக்குள் நடப்பது என் துறை. மருந்து அளவு, விசா, டிக்கெட் விலை என் துறை இல்லை.

பாலக்கோடு: அக்கா, 7 மாதப் பெண் குழந்தை. பெங்களூரிலிருந்து துபாய் போகிறோம். காது வலித்துக் கத்துவாள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். பஞ்சு வைத்தால் போதுமா?

பஞ்சால் பயன் இல்லை. வலி வெளிக்காதில் வருவதில்லை. செவிப்பறைக்கு உள்பக்கம் கொஞ்சம் காற்று இருக்கிறது. அந்த இடத்தையும் தொண்டையையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. விமானம் மேலே போகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து அந்தக் குழாய் வழியாகத் தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் தொல்லை. கேபினில் அழுத்தம் கூடிக்கொண்டே வரும், குழாயோ மூடிக் கிடக்கும். எதையாவது விழுங்கினால் அது திறக்கும். திறக்காவிட்டால் செவிப்பறை உள்பக்கமாக இழுபடும், அதுதான் வலி. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலாக இருப்பதால் நம்மைவிட அதிகம் படுகிறார்கள்.

அதனால் எப்போது பால் கொடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். சக்கரம் தரையில் படும் நேரம் வரை பலர் காத்திருக்கிறார்கள். அதற்குள் வலி வந்து அழ ஆரம்பித்த குழந்தை மார்பைப் பிடிக்காது. 'இறங்கத் தொடங்குகிறோம்' என்ற அறிவிப்பு வந்ததுமே கொடுங்கள். அதற்கு முன் வயிறு முட்டக் கொடுத்துவிடாமல் கொஞ்சம் பசி மிச்சம் வையுங்கள். தூங்கினால் எழுப்பத்தான் வேண்டும், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. இவ்வளவும் செய்து அழுதாலும் பதறாதீர்கள். அழுகையும் அந்தக் குழாயைத் திறக்க உதவும்.

பாட்டில் பால் என்றால் இன்னொன்று. தரையில் இறுக்கி மூடிய பாட்டிலை மேலே போய்ச் சட்டென்று திறந்தால், உள்ளே விரிந்த காற்று பாலை நிப்பிள் வழியாகப் பீய்ச்சிவிடும். மூடியை மெதுவாகத் தளர்த்திக் காற்றை விட்டு, மறுபடி மூடிக் கொடுங்கள்.

கடும் சளியோ காதில் சீழோ இருந்தால் கிளம்புவதற்கு முன் குழந்தை டாக்டரிடம் காதைக் காட்டிவிடுங்கள். பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போடுங்கள்.

ஊத்தங்கரை: என் பையனுக்கு 3 வயது. காது வலிக்கு மிட்டாய் கொடுக்கலாமா?

கெட்டி மிட்டாய் வேண்டாம். 4 வயதுக்குள் அது தொண்டையில் சிக்கும். விமானம் குலுங்கும்போது இன்னும் ஆபத்து. நம் பக்கம் பயணம் என்றாலே பையில் வேர்க்கடலையும் கடலை மிட்டாயும் இருக்கும், அதுவும் அந்த வயதுக்கு வேண்டாம். ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் கொடுங்கள். கொட்டாவி விடும் விளையாட்டு விளையாடுங்கள்.

அரூர்: அமெரிக்கா வரை 17 மணி நேரம். ஒன்றரை வயதுக் குழந்தை. சளி சிரப் கொஞ்சம் கொடுத்தால் தூங்கிவிடும் என்று தெரிந்தவர் சொன்னார். எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரு சொட்டுகூடக் கூடாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் உரக்கச் சொல்ல வேண்டும். தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகளில் சில குழந்தையின் மூச்சையே அடக்கிவிடும். புரோமெத்தசின் என்ற மருந்தை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-இல் கடும் எச்சரிக்கை போட வைத்தது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம், கிட்டத்தட்ட ஊட்டி. அங்கே மூச்சை மந்தமாக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, விளக்கணைத்த கேபினில் நீங்களும் தூங்கிவிட்டால் யார் பார்ப்பது? சில குழந்தைகளுக்கு அதே சிரப் தூக்கத்துக்குப் பதில் வெறி பிடித்ததுபோல் ஆட்டத்தைக் கொடுக்கும், அது தனி.

17 மணி நேரமும் குழந்தை தூங்க வேண்டியதில்லை. பழக்கமான போர்வை, இதுவரை பார்க்காத இரண்டு மூன்று சின்னப் பொம்மைகள், ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்திருக்கும்போது கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போங்கள். பக்கத்து சீட்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஓசூர்: 14 மாதம், 10 கிலோ. மடியில் வைத்தால் டிக்கெட் மிச்சம். தனி சீட் உண்மையிலேயே தேவையா?

சட்டப்படி தேவையில்லை. 2 வயது முடியாத குழந்தையை மடியில் வைக்கலாம். ஆனால் எது பாதுகாப்பு என்று கேட்டால் என் பதில் தனி சீட்தான்.

விமானம் திடீரென்று கீழே இறங்கிக் குலுங்கும்போது குழந்தை கீழே விழாது, மேலே போகும். பெல்ட் போடாத எல்லாமே கூரைக்குப் போகும். 2024 மே 21-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் அப்படிக் குலுங்கியதில் ஒரு பயணி இறந்தார், நிறையப் பேர் காயப்பட்டார்கள். அந்த நொடியில் கை இறுக்கம் போதாது.

பழைய சம்பவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1989 ஜூலை 19, அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விபத்துக்குள்ளானது. 296 பேரில் சீட் இல்லாத குழந்தைகள் 4 பேர். அப்போதைய நடைமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் சொன்னார். அதில் 2 வயது நிரம்பாத ஒரு பையன் இறந்துபோனான். அதற்குப் பிறகு குழந்தைக்குத் தனி சீட்டும் பெல்ட்டும் கட்டாயமாக வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் போராடினார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் சாதாரணப் பெயர் இல்லை.

தனி சீட் வாங்கினால் கார் சீட்டை, அதாவது காரில் குழந்தைக்கென்று பொருத்தும் இருக்கையை, அதில் கட்டலாம். விமானத்துக்கும் ஏற்றது என்ற ஒட்டுச்சீட்டு அதில் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஜன்னல் ஓரத்தில்தான் கட்ட விடுவார்கள். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தனி சீட் வாங்க முடியாதென்றால், பணிப்பெண் தரும் குழந்தை பெல்ட்டை உங்கள் பெல்ட்டோடு கோத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெல்ட்டையே இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடாதீர்கள். விமானம் மோதி நின்றால் உங்கள் எடை முழுவதும் குழந்தையின் வயிற்றில் இறங்கும்.

பர்கூர், ஒரு தாத்தா: தாயின் மடியைவிடப் பாதுகாப்பு எதம்மா? நாலு பேரப்பிள்ளைகளை மடியிலேயே வைத்துக் கூட்டி வந்தோம். விற்கிறவன் பேச்சை நம்பி ஏழைபாழைகளை இன்னொரு டிக்கெட் வாங்கச் சொல்லாதே.

ஓசூர், தொழிற்சாலைப் பொறியாளர்: ஐயா, பாசம் வேறு, விசை வேறு. நாலு மடங்கு விசையில் 10 கிலோ குழந்தை 40 கிலோ ஆகும். அதை நீட்டிய கையில் பிடிக்க முடியுமா? அந்தக் குழந்தை பெல்ட்டையே அமெரிக்காவில் அனுமதிப்பதில்லை. ஐரோப்பாவில் கட்டாயம். அக்கா, எது சரி?

பர்கூர், அதே தாத்தா: அவங்களுக்கே ஒத்துப்போகவில்லை பார்! அமெரிக்காக்காரனே தனி சீட்டைச் சட்டமாக்கவில்லையே?

இரண்டு பேரும் நல்ல இடத்துக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள். தம்பி, அந்த பெல்ட் குலுக்கலில் குழந்தை பறக்காமல் காப்பாற்றும். மோதலில் குழந்தை தாய்க்கும் முன் சீட்டுக்கும் நடுவே நசுங்கலாம் என்பது அமெரிக்கர்களின் கவலை. குலுக்கல் அடிக்கடி வரும், மோதல் மிக மிக அரிது. அதனால் மடியில் வைப்பதானால் பெல்ட் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஐயா, அமெரிக்கா ஏன் சட்டமாக்கவில்லை என்று கேட்டீர்கள். தனி டிக்கெட் கட்டாயம் என்றால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போய்விடும், காரில் சாகும் குழந்தைகள் அதைவிட அதிகம் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். மடி பாதுகாப்பு என்று அவர்கள் சொல்லவே இல்லை. சாலை அவ்வளவு ஆபத்து என்றுதான் சொன்னார்கள்.

நம் ஊருக்கு இதைத் திருப்பிப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து விமானம் ஏற ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர் நகரம் முழுவதையும் கடந்து தேவனஹள்ளி போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல். பெரும்பாலும் நள்ளிரவு, தூக்கக் கலக்கத்தில் டிரைவர், முன் சீட்டில் அம்மா, மடியில் குழந்தை. விமானத்தில் காது வலிக்கும் என்று கவலைப்படும் அதே குடும்பம் இந்தக் காட்சியைப் பார்த்துப் பயப்படுவதே இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 200 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். முன்னால் ஏர்பேக் வெடித்தால் நேராகக் குழந்தையின் தலையில்தான். மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவு 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. எத்தனை வீட்டில் தெரியும்?

ஆகவே ஐயா, இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் முதலில் கார் சீட் வாங்குங்கள். பின் சீட்டில் கட்டுங்கள், 2 வயது வரையாவது குழந்தை பின்னோக்கி உட்காரட்டும். விமான டிக்கெட் அடுத்தது. நாலு பேரப்பிள்ளைகளும் நல்லபடியாக வந்தது எனக்கும் சந்தோஷம். ஐந்தாவது வரும்போது இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காரிமங்கலம்: குழந்தைக்குக் காது வலிக்காமல் இருக்க என்ன செய்ய?

பாலக்கோட்டுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பென்னாகரம்: ராகிக் கஞ்சி கொண்டு போகலாமா? செக்கிங்கில் பிடுங்கிக்கொள்வார்களா?

குழந்தைக்கு என்று சொல்லிக் காட்டினால், பயணத்துக்குத் தேவையான அளவு கஞ்சி, பால், வெந்நீர் எல்லாம் விடுவார்கள். வெளிநாட்டு விமானங்களில் உள்ள 100 மில்லி கட்டுப்பாடு குழந்தை உணவுக்கு இல்லை. கஞ்சி சூடான பிளாஸ்க்கில் இருக்கட்டும். ஆறிப்போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைக் கொடுக்காதீர்கள். புறப்படும் அன்று புது உணவு எதையும் பழக்காதீர்கள். பயணத்தில் டீ, காபி வாங்கினால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குடிக்க வேண்டாம். நான் கேபினில் பார்த்த குழந்தைக் காயங்களில் கொதிக்கும் டீ சிந்தியதுதான் மனதை விட்டுப் போகாதது.

மத்தூர்: தொட்டில் தருவார்களாமே?

பாசினெட். பெரிய விமானங்களில் முன் சுவர் வரிசையில் மாட்டுவார்கள், எடை வரம்பு உண்டு, டிக்கெட் போடும்போதே கேட்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் கிடையாது. பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற குழந்தையையும் தூக்கிவிட வேண்டும்.

தர்மபுரி: ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் குழந்தைக்குத்தானே முதலில்? தாய் மனசு எப்படிக் கேட்கும்?

உங்களுக்குத்தான் முதலில். 35,000 அடியில் தெளிவாக யோசிக்க அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் நீங்கள் மயங்கினால் குழந்தைக்கு மாட்ட யாரும் இல்லை. நீங்கள் மாட்ட ஐந்து நொடி, குழந்தைக்கு இன்னும் ஐந்து நொடி. வீட்டிலேயே கணவன் மனைவி பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இராயக்கோட்டை: மாமியார் நிப்பிளில் தேன் தடவிக் கொடுக்கச் சொல்கிறார். 5 மாதம்.

1 வயதுக்குள் தேன் வேண்டாம், தரையிலும் சரி, வானத்திலும் சரி. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து உடலைத் தளர்த்திவிடும். டாக்டர் சொன்னதாக மாமியாரிடம் சொல்லுங்கள்.

நல்லம்பள்ளி: வெள்ளி அரைஞாண் கயிறு போட்டிருக்கிறோம். கழற்ற வேண்டுமா?

வேண்டாம். கருவி சத்தமிட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு விடுவார்கள்.

சூளகிரி: எந்த மாதத்தில் டிக்கெட் விலை குறைவு?

என் துறை இல்லை என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

மொரப்பூர்: போகும்போது 23 மாதம், திரும்பும்போது 2 வயது ஆகிவிடும். மடி டிக்கெட் போதுமா?

போகும் பயணத்துக்குப் போதும். திரும்பும் நாளில் 2 வயது முடிந்திருந்தால் தனி சீட் வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

கம்பைநல்லூர்: தூங்க வைக்க மாத்திரை, சிரப் ஏதாவது...

கூடாது. அரூர் கேள்வியைப் படியுங்கள், வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பொம்மிடி: பெங்களூருக்குப் பதில் சேலம் விமான நிலையம் போனால் குழந்தைக்கு வசதியா?

சாலைப் பயணம் குறைவு, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியது. நேரங்கள் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். தர்மபுரி வழியாகப் போனால் தொப்பூர் கணவாயில் டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். அங்கே வருவது சின்ன ஏடிஆர் விமானம், பாசினெட் கிடையாது, மேலே பை வைக்கும் இடமும் குறைவு. டயபரை ஏறுவதற்கு முன்பே நிலையத்தில் மாற்றிவிடுங்கள். நடைபாதை ஓரத்தில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள், சாப்பாட்டு வண்டியில் கை கால் மாட்டும். படியேறும்போது ஒரு கையில் குழந்தை, மறு கையில் கைப்பிடி. பையைக் கூட வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். யாரும் இல்லையென்றால் கீழே நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள், தூக்கி வந்து கொடுப்பார்கள்.