படகு எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் மெக்கன்சி டெல்டா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். செயற்கைக்கோள் படத்தில் ஏரிகள் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றனவே! கரையைச் சுற்றிக் கோடு இழுத்தால் வேலை முடிந்தது. ஆய்வாளர்கள் இன்னமும் அங்கே படகில் அலைவது எதற்கு?

ம.

அன்புள்ள ம.,

கோடு இழுப்பது சுலபம்தான். ஆனால் அங்கே 45,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. எந்த ஏரிக்கு ஆற்றுத் தண்ணீர் வருகிறது, எந்த ஏரிக்கு வருவதில்லை என்று கரைக்கோடு சொல்லாது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

மெக்கன்சி வடக்கு நோக்கி ஓடும் ஆறு. மே மாதம் தெற்கே பனி உருகி வெள்ளம் கிளம்பும்போது டெல்டாவில் பனிக்கட்டி இன்னும் விட்டிருக்காது. பாளங்கள் வந்து அடைத்துக்கொள்ள, நீர்மட்டம் மீட்டர் கணக்கில் ஏறி ஏரிகளுக்குள் பாய்கிறது. புவியியலாளர் ஜே. ராஸ் மெக்கே 1963-இல் இந்த ஏரிகளை மூன்றாகப் பிரித்தார்: கோடை முழுக்க ஆற்றோடு தொடர்பு அறாதவை, வசந்த வெள்ளத்தில் நிரம்பிப் பிறகு துண்டாகிவிடுபவை, சில ஆண்டுகளில் வெள்ளமே எட்டாத மேட்டு ஏரிகள். எனக்குக் கவலை மூன்றாவது வகையைப் பற்றித்தான். பனி அடைப்பு வலுவிழந்தால் வெள்ளம் அவ்வளவு உயரம் ஏறாது. ஏரியிலிருந்து ஆவியாகிப் போனது போனதுதான்.

வெள்ளம் வடிந்த கையோடு எடுத்த படத்தில் ஒரு தடயம் கிடைக்கும். ஆற்றுநீர் புகுந்த ஏரி வண்டலால் பழுப்பாகக் கலங்கியிருக்கும். அடுத்தே, நீர் புகாத ஏரி கறுப்பாகக் கிடக்கும். வண்டல் படிந்துவிட்டால் இந்த வித்தியாசமும் மங்கிவிடும்.

வில்லோ புதர்களுக்கு அடியில் நிற்கும் நீர் சாதாரணப் படத்தில் விழாது. நீண்ட அலை ரேடார் இலைகளை ஊடுருவி, நீரிலும் தண்டிலும் பட்டுத் திரும்புவதால் அதைக் காட்டிக்கொடுக்கும். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோளில் அத்தகைய ரேடார் இருக்கிறது. 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் என்ற செயற்கைக்கோள், நீர்மட்டத்தின் உயரத்தையே அளக்கிறது.

ஆனால் ஆற்றையும் ஏரியையும் இணைக்கும் ஒடுங்கிய வாய்க்கால் புதருக்குள் மறைந்து ஓடுகிறது. அதன் அடிமட்டம் அரை மீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ ஏரியின் வகையே மாறிவிடலாம். அதை அளக்கத்தான் படகு. தலைமுறை தலைமுறையாக அந்த ஏரிகளில் கஸ்தூரி எலி பிடித்துவந்த குவிச்சின், இனுவியாலுயிட் பழங்குடி மக்களிடம் கேட்காமல் அந்த வாய்க்கால்களை வரையப் போகிறவர், கையில் இருக்கும் அறிவைத் தவறவிடுகிறார் என்றே நினைக்கிறேன்.