அரை மாத்திரை யார் போட்ட கணக்கு?

கேள்வி: மணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மனைவிக்கு வயது 29. இரண்டு ஆண்டுகளாக லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்). தினமும் காலையில் ஸ்டீராய்டு மாத்திரை. இப்போது வெறும் வயிற்றில் சர்க்கரை 98, மதியம் சாப்பிட்ட பின் 246. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. மாத்திரையால் வந்த வினை என்று அம்மா இப்போது பாதியாக உடைத்துத்தான் கொடுக்கிறார். பெண் வீட்டார் எதையாவது மறைத்திருப்பார்களா? இது நிரந்தரமா?
— பெயர் வேண்டாம், தேனி

பதில்: பெண் வீட்டார் இருக்கட்டும். மாத்திரையை உடைக்கச் சொன்னது யார்? அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு எப்படித் தாண்டிப் போனீர்கள்?

உங்கள் அம்மாவின் சந்தேகம் சரிதான். பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். காலையில் போட்டால் மதியத்துக்கு மேல் ஏறி, விடிவதற்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். அதனால்தான் ஒரே உடம்பில் 98ம் 246ம். சந்தேகம் சரி, வைத்தியம் விபரீதம். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி ஓய்ந்து கிடக்கும். திடீரென்று அளவைக் குறைத்தால் வாந்தி, மயக்கம் வரும், ரத்த அழுத்தம் சரியும். அடங்கியிருந்த லூபஸ் கிளம்பினால் சிறுநீரகத்தையும் தாக்கலாம். அளவைக் குறைக்க வேண்டியவர் மருத்துவர், அதுவும் படிப்படியாக. அரிவாள்மனையில் வைத்து அல்ல.

லூபஸுக்குப் பெரும்பாலும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் கொடுப்பார்கள். அதையும் உடைக்கிறீர்களா? அது சர்க்கரையைக் குறைக்கிற மருந்து, ஐயா.

நிரந்தரமா என்று கேட்டீர்கள். ஸ்டீராய்டு குறையக் குறையப் பலருக்கு இறங்கிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். லூபஸின் அழற்சியே இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும். வெறும் வயிற்றுக் கணக்கை நம்பாமல் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். லூபஸில் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வந்திருந்தால், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் பரிசோதனையும் (HbA1c) குறைத்துக் காட்டும்.

மணமாகி இரண்டு ஆண்டு கழித்து வந்த நோயை, அதற்கும் பிறகு வந்த சர்க்கரையை, அவர்கள் எந்தப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தார்களாம்? உங்கள் வீட்டுக்கு வந்தபின் வந்தது உங்கள் வீட்டு நோய். சம்பந்தியிடம் கணக்குக் கேட்பவரைக் கணவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எத்தனை நாளாகப் பாதி கொடுத்தீர்கள் என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவர் கேட்க நினைப்பதை மருத்துவரிடமே கேட்கட்டும்.