காட்டுயிர் பாட்காஸ்ட்களில் நம்பத்தக்கதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். காட்டுயிர்ப் பாதுகாப்பு, சூழலியல் பற்றிய பாட்காஸ்ட் கேட்க ஆசை. ஆப்பில் தேடினால் வந்துகொண்டே இருக்கின்றன. எதை நம்புவது என்று தெரியவில்லை. ஆங்கிலம் புரியும், வேகமாகப் பேசினால் தடுமாறுவேன். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் சில நேரம் கூடச் சேர்ந்து கேட்பாள். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஆப்பின் பட்டியலில் மேலே இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எதை நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதுதான் அதில் தெரியும். சொல்வது சரியா என்பது தெரியாது. புதிதாக ஒரு பாட்காஸ்ட் கண்ணில் பட்டால் நான் அதன் புதிய எபிசோடைக் கேட்க மாட்டேன். எனக்கு ஓரளவு தெரிந்த விஷயம் எதையாவது அவர்கள் பேசியிருக்கிறார்களா என்று பழைய எபிசோட்களில் தேடுவேன். தெரிந்த விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டால், தெரியாத விஷயத்தில் அவர்களை எவ்வளவு நம்பலாம் என்று பிடிபட்டுவிடும். உங்களிடம் அப்படி விஷயங்கள் கைவசம் இல்லையென்றால் இதோ இரண்டு.

முதலாவது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஓநாய்கள். சூழலியல் பேசும் பாட்காஸ்ட்களில் இந்தக் கதையைத் தொடாதது குறைவு. அங்கே 1920களிலேயே ஓநாய்களைக் கொன்று தீர்த்துவிட்டார்கள். 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் மான்கள் குறைந்தன, அவை மேய்ந்து தீர்த்த வில்லோ மரங்கள் தழைத்தன, கடைசியில் ஆறுகளின் போக்கே மாறியது என்பதுதான் எல்லோரும் சொல்லும் கதை. கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் எல்க் குறைந்ததற்கு ஓநாய் மட்டும் காரணமல்ல. கரடி, பூமா, பூங்காவுக்கு வெளியே வேட்டையாடும் மனிதர்கள் என்று எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. மரத்தைக் கொறித்து ஓடையில் அணை கட்டும் பீவர்கள் பல ஓடைகளிலிருந்து எப்போதோ போய்விட்டன. அணை இல்லாததால் ஓடைகள் ஆழமாக அரித்துக்கொண்டு போய், நிலத்தடி நீர் வில்லோ வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் தொடங்கி, சில இடங்களில் வேலி போட்டு மேய்ச்சலைத் தடுத்தார்கள், சில இடங்களில் ஓடைக்குச் சிறு அணை கட்டினார்கள். வேலியும் அணையும் சேர்ந்திருந்த இடங்களில்தான் வில்லோ நன்றாக உயர்ந்தது. இருபது வருட முடிவுகள் 2024இல் வெளிவந்தன. ஓநாயின் பங்கு பெரியது என்று இன்றும் வாதாடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இந்த விவாதத்தைச் சொல்கிற பாட்காஸ்டை வைத்துக்கொள்ளுங்கள். ஓநாய் வந்தது, ஆறு திரும்பியது என்று இசை போட்டு முடிப்பவர்களை விட்டுவிடலாம். எபிசோட் வெளியான தேதியையும் பாருங்கள். 2012இல் அப்படிச் சொல்லியிருந்தால் குறை சொல்ல முடியாது, போன வருடம் சொல்லியிருந்தால் சொல்லலாம்.

இரண்டாவது நம் ஊர்க் கதை, பிணந்தின்னிக் கழுகு என்று சொல்கிறோமே, அந்தப் பாறுக் கழுகுகள். 1990களில் இந்தியாவில் இவை கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோனது. மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் காட்டியது. மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. பல எபிசோட்கள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நிறுத்திவிடுகின்றன. எனக்கு இதற்கு அப்புறம் வருவதுதான் முக்கியம். மனிதர்களுக்கான பெரிய குப்பி டைக்ளோஃபெனாக்கை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்தது. அதனால் 2015இல் குப்பியின் அளவையே 3 மில்லியாகக் குறைக்க வேண்டியிருந்தது. பாறுகளைக் கொல்லும் வேறு மருந்துகளும் புழக்கத்தில் இருந்தன. கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபெனாக் இரண்டும் 2023இல்தான் தடையாயின. பாதுகாப்பான மாற்றாக மெலாக்சிகாம் இருக்கிறது. மருந்துக் கடைக்காரரிடமும் கால்நடை மருத்துவரிடமும் மாடு வளர்ப்பவரிடமும் மைக்கை நீட்டும் எபிசோட் கிடைத்தால் விடாதீர்கள். நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. அவை பிழைப்பதும் சாவதும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன முடிவுகளில்தான் இருக்கிறது. அதைப் பேசாத பாதுகாப்புப் பேச்சு எனக்குப் போதாது.

யார் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். வாரா வாரம் விருந்தினர் எல்லோரும் நகரத்து நிபுணர்களாகவே இருந்தால், காட்டை ஒட்டி வாழ்பவர்களின் பயிரை யானை மேய்ந்தது கணக்கிலேயே வராது. தொண்டு நிறுவனங்கள் தாங்களே நடத்தும் பாட்காஸ்ட்களில் நல்ல தகவல் உண்டு. ஆனால் தங்கள் திட்டம் எங்கே பலிக்கவில்லை என்று அவர்கள் பேசுவது அபூர்வம். அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

சரி, பெயர்களுக்கு வருவோம். உலகச் செய்தி தெரிய மோங்காபே நியூஸ்காஸ்ட் நல்லது. 1999இல் தொடங்கிய சுற்றுச்சூழல் செய்தித் தளத்தின் பாட்காஸ்ட் இது. இந்திய ஆய்வாளர்கள், களப்பணியாளர்களோடு நிதானமான உரையாடல் வேண்டுமென்றால் லலிதா கிருஷ்ணன் நடத்தும் ஹார்ட் ஆஃப் கன்சர்வேஷன். பலரும் தாவரங்களை மறந்துவிடுகிறார்கள், அந்தக் குறையைத் தீர்க்கிறது இன் டிஃபென்ஸ் ஆஃப் பிளான்ட்ஸ். தமிழில், பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் யூடியூப் உரைகளைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே போகலாம். நம் ஊர் ஆறு, கடற்கரை, அணுஉலை, காடு என்று அரசியலோடு சேர்த்துப் பேசுவார்கள்.

மகளுக்கு முதலில் பேர்ட்நோட் கொடுங்கள். ஒரு எபிசோட் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பறவை, அதன் குரல், அதைப் பற்றி ஒரு செய்தி, அவ்வளவுதான். பறவைகள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை, அது ஒரு குறைதான். ஆனால் காதைத் தீட்ட இதைவிட நல்ல வழி இல்லை. பேசியது முழுவதும் அவர்கள் தளத்தில் எழுத்தாகவும் இருக்கும், உங்கள் ஆங்கிலச் சிக்கலுக்கும் அது உதவும். முதலில் கேளுங்கள், பிறகு படியுங்கள், மறுபடி கேளுங்கள். ஆலஜீஸ் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு துறை ஆய்வாளரிடம் எல்லாக் கேள்வியும் கேட்பார்கள், ரொம்பக் கலகலப்பு. ஆனால் இடையிடையே கெட்ட வார்த்தை வரும். அதையே சிறுவர்களுக்காகச் சுருக்கிச் சுத்தமாக ஸ்மாலஜீஸ் என்று தருகிறார்கள். அவளுக்கு அதைப் போடுங்கள்.

வேகம் சிக்கலாக இருந்தால் ஆப்பில் 0.8 வைத்துக்கொள்ளுங்கள், குரல் பெரிதாக மாறாது. சியாட்டில் வானொலி நிலையமான கேயூஓடபிள்யூ தயாரிக்கும் தி வைல்ட் வித் கிறிஸ் மார்கன் போல, களத்திலேயே பதிவு செய்தவற்றை ரயிலில் கேட்காதீர்கள். காட்டின் சத்தம் முழுக்கத் தண்டவாளச் சத்தத்தில் போய்விடும். அவற்றை இறக்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். உரையாடல் பாட்காஸ்ட்களை ரயிலுக்கு ஒதுக்குங்கள். ஆரம்பத்தில் மூன்றுக்கு மேல் சப்ஸ்கிரைப் செய்ய வேண்டாம். கேட்காத எபிசோட்கள் சேர்ந்துகொண்டே போனால் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்கள்.