துக்க வருஷத்துல கிறிஸ்துமஸ் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவன், இப்ப டவுன்ல இருக்கோம். ஆகஸ்ட்ல அப்பா தவறிட்டாரு. காலம் பூரா ரப்பர் மரத்துல பால் வெட்டி, கடைசியில செம்பனை (எண்ணெய்ப்பனை) வேலைக்குப் போன மனுஷன். ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கூடாதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, அம்மாவும் வாசல்ல ஸ்டார் கூட மாட்ட வேணாம்னுட்டாங்க. விசுவாசிங்களுக்கு இது சரியா? இன்னொண்ணு, ஃபேக்டரியில எனக்கு ஒரு இந்து கூட்டாளி இருக்கான். அப்பா சாவுக்கு லீவு போட்டு வந்து கூடாரம் கட்டி, நாற்காலி எறக்கி, கல்லறை வரைக்கும் கூட நின்னவன். போன வாரம் கேட்டான், “உங்க கடவுளுக்கு மனுஷன் மேல அன்புன்னா மேல இருந்தே மன்னிச்சு விட்டுடலாமே, எதுக்குக் குழந்தையாப் பொறக்கணும்? டிசம்பர் 25ன்னு பைபிள்லயே இல்லயாமே?” எனக்குப் பதில் வரல. பேர் போட வேணாம் அண்ணே.

*

அன்புள்ள தம்பி,

அப்பாவுக்காகவும் அம்மாவுக்காகவும் ஜெபிச்சேன்.

தேதி விஷயத்த முதல்ல முடிச்சிடுவோம். உங்க கூட்டாளி சொன்னது சரிதான், பைபிள்ல தேதி இல்ல. ரோமாபுரியில கி.பி. 336 வாக்குல டிசம்பர் 25ஐக் கொண்டாடினதுக்குப் பழைய பட்டியல் ஒண்ணு இருக்கு, ஆர்மீனிய சபைக்காரங்க இன்னைக்கும் ஜனவரி 6லதான் கொண்டாடுறாங்க. தேதி மாறினா விசுவாசம் ஆட்டம் காணாது, ஆமான்னு ஒத்துக்கிட்டுப் போங்க.

ஆனா அவர் கேட்ட முதல் கேள்வி பெரிய கேள்வி, நம்ம சபையில ஞாயிறு தவறாம வர்றவங்களே பல பேரு கேக்காத கேள்வி. அதுக்குப் பதில் உங்க கடிதத்துலயே இருக்கு தம்பி. அப்பா இறந்தப்போ எத்தன பேரு வாட்ஸ்அப்புல கைகூப்புற படம் அனுப்பியிருப்பாங்க, அதுவும் அன்புதான், நான் குறை சொல்லல. ஆனா இந்தப் பையன் வந்தான், வேர்வையோட கூடாரக் கம்பி ஊன்றினான், உங்க பக்கத்துல நின்னான், அதத்தானே நீங்க மறக்காம எழுதியிருக்கீங்க. ஒருத்தர் மேல உசுரா இருந்தா தூர நின்னு நல்ல வார்த்த சொல்லிட்டுப் போக மனசு வராது, கெளம்பி வரத்தான் தோணும். மேல இருந்தே மன்னிச்சிருக்கலாமேன்னு கேட்டவன் தானே உங்க வீட்டுக்கு வந்து நின்னான்ல, அதச் சொல்லுங்க அவன்கிட்ட.

இயேசு வந்த எடத்தப் பாருங்க. ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகுஸ்து ராயன் குடிமதிப்பு எழுதச் சொன்னான்னு நெறமாசமா இருந்த மரியாள ஊர் விட்டு ஊர் கூட்டிட்டுப் போறாங்க, சத்திரத்துல எடமில்ல, மாட்டுக்குத் தீனி வைக்கிற முன்னணையில பிள்ளையக் கிடத்துறாங்க. சேதி முதல்ல போனது யாருக்கு, ராத்திரி ஷிப்டு ஆளுங்களுக்கு, வயல்வெளியில மந்தைக்குக் காவல் இருந்த மேய்ப்பருங்களுக்கு. அரமனையில பொறந்திருந்தா அந்த ஆளுங்கள கேட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. அப்புறம் லூக்கா 2:24ல ஒரு சின்ன விஷயம் இருக்கு, பிரசங்கத்துல பெரும்பாலும் தாண்டிப் போயிடுவாங்க. பிள்ளையக் கோயிலுக்குக் கொண்டு போனப்போ ஒரு ஜோடி காட்டுப்புறா இல்லேன்னா ரெண்டு புறாக்குஞ்சு பலி குடுக்கணும்னு வருது. லேவியராகமம் 12ஐப் பாத்தா வெளங்கும், ஆட்டுக்குட்டி வாங்க வக்கில்லாதவங்களுக்குத்தான் புறா. அவ்வளவு கஷ்டப்பட்ட வீடு. மாசக் கடைசியில கடனுக்கு அரிசி வாங்கின உங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கு இத வெளக்கவே வேணாம்.

இதுல நாம செஞ்சது ஒண்ணும் இல்ல. நாம தேவனிடத்தில் அன்புகூர்ந்ததினால் அல்ல, அவர் நம்மிடத்தில் அன்புகூர்ந்தார்னு 1 யோவான் 4:10 சொல்லுது. முன்னணையில ஆரம்பிச்சது சிலுவை வரைக்கும் போச்சு, மன்னிப்பு அங்கதான் வந்துச்சு, அதுவும் பக்கத்துல வந்து, உடம்புல வாங்கி. உங்க கூட்டாளி “நாங்களும் அவதாரம்னு சொல்றோமே”ன்னா சண்டைக்குப் போயிடாதீங்க, சந்தோஷமாக் கேட்டுக்குங்க, அப்புறம் நீங்க நம்புறத நீங்க சொல்லுங்க.

இப்ப துக்க விஷயம். ஒரு வருஷம் பண்டிகை வேணாம்ங்கறது நம்ம ஆளுங்க வழக்கம், பைபிள் சட்டம் இல்ல, அதுக்காக அம்மாகிட்ட வசனம் காட்டி வாதாடாதீங்க, அவங்க எழந்தது புருஷன. ஆனா கிறிஸ்துமஸ்னாலே ஜிகுஜிகுன்னு லைட்டும் பிரியாணியும்னு நெனச்சுத்தான் சொந்தக்காரங்க தடுக்கறாங்க. மத்தேயு 2ஆம் அதிகாரத்துல என்ன இருக்கு? ஏரோது ராஜா பெத்லகேம்ல ரெண்டு வயசுக்குட்பட்ட ஆம்பளப் பிள்ளைங்களக் கொன்னது இருக்கு, பழைய ஏற்பாட்டுத் தாய் ராகேல் தன் பிள்ளைங்களுக்காக ஆறுதல் அடையாம அழறதா வர்ற வசனம் இருக்கு, யோசேப்பு ராத்திரியோட ராத்திரியா பிள்ளையத் தூக்கிட்டு எகிப்துக்கு ஓடுனது இருக்கு. நாம கேரல் பாட்டுல இதையெல்லாம் விட்டுட்டோம், பைபிள் விடல. கண்ணீரு வடியுற வீட்டுக்குள்ளதான் அவர் வந்தாரு, அப்படி இருக்கறப்போ உங்க வீட்டுக்கு மட்டும் இந்த வருஷம் கிறிஸ்துமஸ் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது.

அதனால ஸ்டார் வேணாம், எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைக்கிற ஓப்பன் ஹவுஸ் வேணாம், பலகாரம் சுட வேணாம், அம்மா இஷ்டம். 24ஆம் தேதி ஆராதனைக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க. சபை கேரல் குழுகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, ட்ரம் அடிக்காம ஒரே ஒரு பாட்டுப் பாடி ஜெபிச்சுட்டுப் போகட்டும், அம்மா ரூம விட்டு வராட்டியும் பரவால்ல. உங்க கூட்டாளியோட ஒரு நாள் சாயங்காலம் தே தாரேக் டீ குடிச்சுக்கிட்டே லூக்கா 2, மத்தேயு 2 ரெண்டையும் படிங்க, அவன் மறுபடி ஏதாவது எடக்கு மடக்காக் கேட்டா எனக்கு எழுதுங்க.